வெட்டாமலே நிறுக்கிற வித்தை

"படம் புடிச்சா உருவம் தெரியும், சரி. எடை எப்படித் தம்பி தெரியும்?"

ஆனைக்கரை டீக்கடைப் பெஞ்சில் ஓர் ஏலத்தோட்டக் கங்காணி கேட்ட கேள்வி. அவருடைய தங்கை மாப்பிள்ளைக்கு ஈரல் கெட்டுவிட்டது. தங்கச்சியே பாதியைக் கொடுக்கத் தயாராக நிற்கிறாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்க ஈரல் 1,150 மில்லி, அதுல வலது பக்கம் 720, கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் யாருக்கும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை. உடம்புக்குள் கிடக்கிற ஒன்றை, ஒரு கீறல் போடாமல், பால்காரர் மாதிரி மில்லி கணக்கில் சொல்ல எப்படித் துணிகிறார்கள் என்பதுதான் அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்.

எந்த ஆனைக்கரை என்று சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டில் ஒன்று இருக்கிறது, கேப்டன் லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதனின் ஊர். நான் சொல்வது இடுக்கி ஆனைக்கரை. குமுளிக்கும் புற்றடிக்கும் இடையில், கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலக்காய் எடுக்க ஆள் வருகிற ஊர். பெஞ்சில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு குடும்பம் தேனி க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு இறங்கும், இன்னொன்று கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போகும். இரண்டு பக்கமும் ஸ்கேன் கவர் மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கங்காணியிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "அண்ணே, பெரியாறு அணையில இன்னிக்கு எத்தனை அடி?" கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருக்காது. பேப்பரில் தினமும் வருகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன பிறகு அந்த எண் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். சரி, அடியை அளவுகோலில் பார்க்கலாம். கன அடியை யார் அளந்தது? யாரும் குடம் குடமாக மொண்டு எண்ணவில்லையே.

நீர்வளத்துறை செய்வது இதுதான். நீர் இந்த உயரத்தில் நின்றால் ஏரியின் பரப்பு இவ்வளவு, இன்னும் ஓர் அடி ஏறினால் பரப்பு இவ்வளவு என்று நிலத்தைச் சர்வே செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கின் பரப்பையும் அந்த அடுக்கின் உயரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கொள்ளளவு வந்துவிடும். ஏரி மேலே போகப் போக விரிவதால், கீழே ஏறும் ஓர் அடியும் 141இலிருந்து 142க்கு ஏறும் ஓர் அடியும் ஒன்றல்ல. மேல் அடியில் பல மடங்கு தண்ணீர் இருக்கும். உயரத்தை மட்டும் வைத்து நீரின் அளவைச் சொல்லக் கூடாது என்பதும் அதனால்தான்.

ஈரல் கணக்கும் இதே கணக்கு. சி.டி. ஸ்கேன் உடம்பைக் குறுக்காக அடுக்கடுக்காகப் படம் பிடிக்கிறது. ஒவ்வொரு படத்திலும் ஈரலின் ஓரத்தை வரைந்து, உள்ளே இருக்கும் பரப்பைக் கண்டு, அடுக்கின் தடிமனால் பெருக்க வேண்டும். ஈரலின் நடுப்பகுதியில் ஒரு படத்தில் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். அடுக்கு அரை சென்டிமீட்டர் தடிமன். அந்த ஓர் அடுக்கில் மட்டும் 75 மில்லி. மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் 1,150 கிடைக்கும். இத்தாலியக் கணித அறிஞர் கவாலியேரி 1635இல் எழுதி வைத்த யோசனை இது. அவர் காலத்தில் உயிரோடு இருக்கும் மனிதனை அடுக்கடுக்காகப் பார்க்க வழி இல்லை. அதற்கு இன்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

வழியைக் கொண்டுவந்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். இசைத்தட்டு வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலாக அடுக்குப் படமாக எடுத்தார்கள். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே 1979இல்தான் ஹெய்ம்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் மூன்றின் கொள்ளளவையும் சி.டி. படத்திலிருந்து சரியாகக் கணக்கிட முடியும் என்று காட்டினார்கள். கருவி புழக்கத்துக்கு வந்து பத்து வருஷம் கூட ஆகவில்லை. படம் பார்க்க வாங்கிய இயந்திரத்தை அதற்குள் அளவைக் கருவியாகவும் மாற்றிவிட்டார்கள்.

இயந்திரம் தருவது உண்மையில் படமே இல்லை, எண்கள். ஒவ்வோர் அடுக்கும் 512க்கு 512 என்று சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எக்ஸ்-ரே எவ்வளவு தடுக்கப்பட்டது என்று ஓர் எண் இருக்கும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் நல்ல ஈரல் 55, 60 அளவில் நிற்கும். அந்த எண்களைத்தான் கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று நமக்குக் காட்டுகிறார்கள். வயிற்றை 36 சென்டிமீட்டர் அகலத்துக்கு எடுத்தால் ஒரு கட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் அடுக்கில் அப்படி ஒரு கட்டத்தின் கொள்ளளவு இரண்டரை கன மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1,200 மில்லி ஈரல் என்றால் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான கட்டங்கள். கம்ப்யூட்டர் எண்ணுவது அதைத்தான்.

எண்ணுவது சுலபம். எதை எண்ணுவது என்பதில்தான் வேலை இருக்கிறது.

ரேடியாலஜி அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். திரையில் ஈரல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். டாக்டர் மவுசால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிறார். இடது நுனி இரைப்பையோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் கை நிதானமாகிறது. இரண்டுக்கும் நிறம் கிட்டத்தட்ட ஒன்று. பித்தப்பையை வெளியே தள்ள வேண்டும். பின்னால் ஒட்டிச் செல்லும் பெரிய இரத்தக்குழாயையும் வெளியே தள்ள வேண்டும், அதில் ஓடுவது ஈரல் இல்லை. மேலே உதரவிதானத்தை ஒட்டிய அடுக்குகளில் ஒரே கட்டத்துக்குள் பாதி நுரையீரல், பாதி ஈரல் விழும். அதை எதில் சேர்ப்பது? ஒவ்வோர் அடுக்கிலும் இப்படி ஒரு சின்னத் தீர்ப்பு. எடுக்கும்போது "மூச்சை அடக்குங்க" என்று ஸ்பீக்கரில் சொல்வது சும்மா இல்லை. நடுவில் மூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் நகர்ந்து, ஒரு துண்டு இரண்டு தடவை எண்ணப்படும், அல்லது ஒரு துண்டு விட்டுப்போகும்.

இப்போது ஓரம் வரைகிற வேலையை மென்பொருளே செய்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள் 2023இல் விவரம் வெளியிட்ட டோட்டல்செக்மென்டேட்டர் என்ற மென்பொருள், ஒரு சி.டி.யில் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகளையும் எலும்புகளையும் தானாகப் பிரித்துவிடும். நல்லதுதான், நேரம் மிச்சம். ஆனால் தானத்துக்கான ஈரலில் ஒரு கோட்டை மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அது வெட்டப் போகிற கோடு.

ஈரலின் மேல்தோலில் அந்தக் கோடு தெரியாது. உள்ளே நடுவில் ஓடும் ஒரு சிரையின் பக்கமாக வலது, இடது என்று பிரிக்கிறார்கள். அந்தச் சிரை யார் பக்கம் போக வேண்டும், எந்தக் கிளை எந்தத் துண்டின் இரத்தத்தை வடிக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக வலது பக்கம் மொத்தத்தில் 60 முதல் 65 சதவீதம் இருக்கும். சிலருக்கு 70ஐத் தாண்டும். தங்கச்சிக்கு 1,150இல் 720 என்றால் 63 சதவீதம். கொடுத்தபின் அவளிடம் மிஞ்சுவது 430, அதாவது 37 சதவீதம். கொடுப்பவரிடம் 30 சதவீதத்துக்குக் கீழே மிஞ்சக் கூடாது என்பது பொதுவான எல்லை. 35 வேண்டும் என்கிற மருத்துவர்களும் நிறையப் பேர். இந்தக் கணக்கில் தங்கச்சி பாஸ்.

அடுத்தது வாங்குகிறவர் கணக்கு. வருகிற ஈரல் துண்டின் எடை, அவருடைய உடல் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நெடுங்காலப் பழக்கம். கைதேர்ந்த இடங்களில் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு 0.6 வரை இறங்குகிறார்கள். மாப்பிள்ளை 65 கிலோ என்றால் 520 கிராம் தேவை. 720 தாராளம். இங்கே ஒரு பொடி விஷயம் உண்டு. ஈரல் கெட்டவருக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கும். தராசில் 73 கிலோ காட்டுபவருக்கு அதில் எட்டு கிலோ வெறும் தண்ணீராக இருக்கலாம். தண்ணீருக்கு ஈரல் தேவையில்லை. ஆகவே அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

துண்டு சின்னதாகப் போனால் என்ன? குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் அந்தச் சின்னத் துண்டுக்குள் பாய்கிறது. அது திணறுகிறது. மஞ்சள் காமாலை இறங்காது, வயிற்றில் நீர் நிற்காமல் ஊறும். பெரிதாகப் போனாலும் ஆபத்து, குழந்தைகளுக்கு முக்கியமாக. குழந்தைகளுக்கான இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று சிகிச்சை 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில் நடந்தது. பெற்றுக்கொண்டது நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை, கொடுத்தவர் அப்பா. பெரியவரின் ஈரலைப் பாதியாக வெட்டினாலும் அந்த வயிற்றுக்குள் அடங்காது. குழந்தைகளுக்கு வழக்கமாக இடது ஓரத்துச் சிறு துண்டைத்தான் எடுப்பார்கள், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். டெல்லி சிகிச்சைக்கு முந்தைய வருஷம், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரரான டாக்டர் முகமது ரேலா லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்கு ஈரல் மாற்றியிருந்தார். அவ்வளவு சிறிய வயிற்றுக்குள் வைக்கும்போது மில்லி கணக்கு எவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கங்காணி சும்மா விடவில்லை. "மில்லின்னு சொல்றீங்க, கிராம்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?"

இதைக் கேட்க நிறையப் பேருக்குத் தோன்றாது. ஈரலின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சமே அதிகம் என்பதால் ஒரு மில்லியை ஒரு கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்கேன் எடுக்கும்போது ஈரல் இரத்தம் நிறைந்து உப்பிக் கிடக்கிறது. வெட்டி எடுத்தபின் குளிர்ந்த திரவத்தால் கழுவி, இரத்தத்தை வடித்துவிட்டு, பக்கத்து மேஜையில் தராசில் வைப்பார்கள். எடை பெரும்பாலும் ஸ்கேன் சொன்னதை விடக் குறைவாகவே இருக்கும். பத்து சதவீதம் முன்னே பின்னே போவது சகஜம். 720 என்றது 650ஆக நிற்கலாம். அப்போதும் மாப்பிள்ளைக்கு 1 சதவீதம் வந்துவிடும். எல்லையில் நிற்கிற ஆளுக்கு இந்தப் பத்து சதவீதமே தலைவிதி. ஸ்கேன் அறைச் சொல்லை அன்றே தராசில் வைத்துச் சரிபார்ப்பது மருத்துவத்தில் அபூர்வம். அதனால்தான் இந்த எண்ணில் எனக்கு மற்ற ரிப்போர்ட் எண்களை விட நம்பிக்கை அதிகம்.

கோட்டயம் மெடிக்கல் காலேஜில் 2022 பிப்ரவரி 14 அன்று நடந்ததும் இந்தக் கணக்கின் மேல் நின்றதுதான். கேரள அரசு மருத்துவமனை ஒன்றில் வெற்றிகரமாக முடிந்த முதல் உயிர்தானக் கல்லீரல் மாற்று அது. டாக்டர் ஆர்.எஸ்.சிந்து தலைமையில் செய்தார்கள். திருச்சூர்க்காரர் ஒருவருக்கு அவர் மனைவி கொடுத்தார். இடுக்கி மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய செய்தி. தனியாரில் பல லட்சம் கேட்கும் வேலை, அவர்கள் வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொள்ளளவு வேறு, வேலைத்திறன் வேறு. கொழுப்பு ஏறிய ஈரல் பெரிதாகத்தான் இருக்கும், 1,500 மில்லி கூடக் காட்டும். அதில் ஒரு பங்கு எண்ணெய். மருந்து ஏற்றாத சி.டி.யில் ஈரலின் எண்ணையும் பக்கத்து மண்ணீரலின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நல்ல ஈரல் மண்ணீரலை விடச் சில புள்ளி மேலே நிற்கும். கொழுப்பு ஏறினால் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பி, எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். அப்பாவுக்குக் கொடுக்க விரும்பிய திருச்சூர் பெண் ஒருத்திக்கு வயது 17. பதினெட்டு ஆகாதவர் உயிரோடு உறுப்புக் கொடுக்கச் சட்டம் விடாது. கேரள உயர்நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, 2023 பிப்ரவரியில் ஆலுவாவில் கொடுத்தாள். அதற்கு முன் சாப்பாட்டை மாற்றி, ஜிம்முக்குப் போய் ஈரலைத் தயார்செய்தாள் என்று பத்திரிகைகள் எழுதின. கோர்ட்டை விட ஜிம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"எங்க ஊர் ஸ்கேன்ல எனக்கே ஏதோ சி.சி. போட்டுருக்கான்" என்று கங்காணி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வயிற்று அல்ட்ராசவுண்ட். ப்ராஸ்டேட் 37 சி.சி. அவர் வயதில் பாதிப் பேருக்கு இருக்கும் சமாசாரம். இது மேலே சொன்ன அடுக்குக் கணக்கு இல்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றை அளந்து பெருக்கி, 0.52ஆல் பெருக்கியது. உறுப்பு முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டு போடும் சுருக்கு வழி. 4.5, 4, 4 என்றால் 37. அளக்கிறவர் ஒவ்வொரு பக்கமும் வெறும் 4 மில்லிமீட்டர் கூட்டி வைத்துவிட்டால் 49 ஆகிவிடும். மூன்று பிழையும் ஒன்றையொன்று பெருக்கும். போன வருஷம் 37, இந்த வருஷம் 45 என்றால் வளர்ந்துவிட்டது என்று நடுங்க வேண்டாம், வேறு ஆள் அளந்திருக்கலாம். தவிர, சுரப்பி பெரிதாக இருப்பதற்கும் சிறுநீர் போவதில் இருக்கும் கஷ்டத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், போனபின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, அதுதான் டாக்டருக்கு முக்கியம்.

இந்த மலைத்தொடரில் ஸ்கேனை விடப் பழைய அளவை ஒன்றும் உண்டு, கை. பாலக்காட்டு அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் அரிவாள் செல் இரத்தச்சோகை இருக்கிறது. அந்த நோய் உள்ள சின்னக் குழந்தைக்குத் திடீரென்று இரத்தம் மண்ணீரலில் தேங்கி, சில மணி நேரத்தில் வயிறு வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இடது விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்து மண்ணீரல் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் தாய்க்கே கற்றுக்கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நேற்று இரண்டு விரல், இன்று நான்கு விரல் என்றால் ஜீப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் சி.சி. கணக்கு யாருக்கும் வேண்டாம். அதே நோயில் வருஷங்கள் போகப் போக மண்ணீரல் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும் என்பது வேறு வேடிக்கை. அப்போது அல்ட்ராசவுண்டில் தேடினாலும் கிடைக்காது.

ஈரலுக்கு நேர் எதிர்க் குணம். கொடுத்தவரிடம் மிஞ்சிய 430 மில்லி, முதல் சில வாரங்களிலேயே வேகமாக வளர்ந்து, மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடும். மாப்பிள்ளையின் வயிற்றில் வைத்த துண்டும் அவர் உடம்புக்கு ஏற்ப வளரும். இதையும் மறு ஸ்கேனில் அதே அடுக்குக் கணக்கால்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

கங்காணியிடம் நான் கடைசியாகச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் பெரிய ஃபிலிம் தாளை வைத்து யாரும் கொள்ளளவை அளக்க முடியாது. அது அச்சடித்த படம், அவ்வளவே. எல்லா அடுக்குகளும், கட்டத்தின் அளவும், அடுக்கின் தடிமனும் சி.டி. தட்டில்தான் இருக்கும். சில இடங்களில் தட்டுக்குப் பதில் லிங்க் தருகிறார்கள். தேனியில் எடுத்ததைக் கோட்டயத்திலோ மதுரையிலோ காட்டப் போகிறீர்கள் என்றால் அது இல்லாமல் போகாதீர்கள். இல்லையென்றால் திரும்பவும் கதிர், திரும்பவும் காசு. கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் கவருக்குள் தட்டு இருக்கிறதா, அதன் மேல் பேரும் வயதும் தேதியும் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.